90 டாலர் ஆல்ஃபா: முடியாத கேமுக்கு ஏன் கூடுதல் விலை?

கேள்வி இதுதான்: ஒரு கேம் இன்னும் முடியவில்லை, ஆல்ஃபா எனப்படும் ஆரம்பச் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது. மெனுவில் பாதி வேலை செய்யாது, திடீர் திடீரென்று நின்றுபோகும். அதற்குப் போய், முழுசாக முடிந்த கேமைவிட அதிக விலை கேட்கிறார்கள். விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடித்துச் சொல்வது நாம். அதற்குக் காசும் நாமே கொடுக்க வேண்டுமா? இது ஏமாற்று வேலை இல்லையா?

கோபம் நியாயமானதுதான். ஆனால் கோபப்பட வேண்டிய இடம் வேறு என்று நினைக்கிறேன். முடியாத கேமை விற்றுப் பெயர் கெட்டவர்களில் எனக்கு உடனே நினைவுக்கு வருகிறவர்கள் யாரும் முடிந்த கேமைவிட அதிக விலை வைத்தவர்கள் அல்ல. சாதாரண விலைக்கு, பளபளவென்று ஒரு டிரெய்லரைக் காட்டி விற்றவர்கள். வெளிப்படையாக அதிக விலை வைத்தவர்களிடம் பெரும்பாலும் ஒரு காரணமாவது இருந்தது. அந்தக் காரணம் சரியா என்பது வேறு விஷயம்.

இந்தச் சண்டையை முதலில் பெரிதாகக் கிளப்பிய கேம் 'பிளானட்டரி அனிஹிலேஷன்'. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த ஊபர் என்டர்டெயின்மென்ட் என்ற ஸ்டுடியோ செய்தது. (டாக்ஸி கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) 1997-இல் வந்த 'டோட்டல் அனிஹிலேஷன்' கேமில் வேலை செய்தவர்களில் சிலர் அங்கே இருந்தார்கள். கிரகத்தையே பெயர்த்து இன்னொரு கிரகத்தின் மேல் மோதவிடலாம் என்று ஒரு வீடியோ காட்டி, பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் 2012-இல் பணம் கேட்டார்கள். 9 லட்சம் டாலர் கேட்ட இடத்தில் 22 லட்சத்துக்கு மேல் வந்தது.

கிக்ஸ்டார்ட்டரில் ஒரு வழக்கம் உண்டு. குறைந்த தொகை கொடுத்தால் முடிந்த கேம் மட்டும் கிடைக்கும். கூடக் கொடுத்தால் பீட்டா கட்டத்திலேயே, அதாவது ஆல்ஃபாவுக்கு அடுத்த சோதனைக் கட்டத்திலேயே, உள்ளே விடுவார்கள். இன்னும் அதிகம் கொடுத்தால் ஆல்ஃபாவிலேயே விடுவார்கள். இவர்களும் அப்படித்தான் படி வைத்திருந்தார்கள். 2013 மார்ச்சில், கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம், முடியாத கேம்களை விற்க 'ஏர்லி ஆக்சஸ்' என்ற பிரிவைத் திறந்தது. ஜூனில் இந்த கேம் அங்கே வந்தபோது ஆல்ஃபாவின் விலை 90 டாலர். அந்தக் காலத்தில் கடையில் ஒரு பெரிய புதிய கேமின் விலையே 60 டாலர்தான். பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள்.

ஸ்டுடியோ சொன்ன விளக்கம் எளிமையானது. கிக்ஸ்டார்ட்டரில் ஆல்ஃபாவுக்கென்று கூடுதல் தொகை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அதே ஆல்ஃபாவை ஸ்டீமில் 30 டாலருக்குத் தந்தால் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? பீட்டா வந்ததும் விலை 60 ஆனது. 2014 செப்டம்பரில் கேம் வெளிவந்த நேரத்தில், முதல் விலையில் பாதிக்கும் கீழே போய்விட்டது. அவசரமில்லாதவர்கள் காத்திருந்து அதே கேமைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று முதல் நாளே தெரிந்த விஷயம்தான். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

அதிக விலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது வேலி. ஆல்ஃபா கட்டத்தில் ஒரு டெவலப்பருக்கு வேண்டியது கூட்டம் அல்ல. பொறுமையுள்ள சில ஆயிரம் பேர். சர்வர் எவ்வளவு பளு தாங்கும் என்றே இன்னும் தெரியாது. தினமும் எதையாவது மாற்றுவார்கள்; நேற்று ஓடியது இன்று ஓடாது. அந்த நேரத்தில் பத்து டாலருக்குக் கதவைத் திறந்துவிட்டால் லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து, பாதி மணி நேரம் விளையாடி, "குப்பை" என்று ஒரு ரிவ்யூ எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். கேம் முடிந்த பிறகும் அந்த ரிவ்யூ அங்கேயேதான் இருக்கும்.

வேலி வேலை செய்ததா என்றால், அரைகுறையாகத்தான். விலையைக் கூட்டினால் கூட்டம் குறையும், சரி. ஆனால் மிச்சம் வருகிறவர் எல்லோரும் பொறுமைசாலிகள் என்று யார் சொன்னது? காசு இருக்கிறவர்கள் வருவார்கள், ஆர்வம் தாங்காதவர்கள் வருவார்கள். 90 டாலர் கொடுத்தவருக்கு 90 டாலர் எதிர்பார்ப்பு இருக்கும். சோதித்துப் பார்க்க வந்தோம் என்ற எண்ணம் அவர் மனதில் எவ்வளவு நேரம் நிற்கும்? ஒரு மேட்ச் பாதியில் அறுந்துபோகும் வரைக்கும்தான். இதற்கு மேல், 2014 கோடையில் முடியாத கேமைப் பெட்டியில் போட்டுக் கடைகளிலும் வைத்தார்கள். பெட்டியைக் கையில் எடுக்கிறவர் அது அரைகுறை கேம் என்று நினைக்கவே மாட்டார். வேலி போட்டவர்களே ஒரு பக்கம் அதைப் பிரித்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

கேமே வெளிவந்தபோது ரிவ்யூக்கள் கலவையாக இருந்தன. அடுத்த மாதமே அதே ஸ்டுடியோ இன்னொரு கேமுக்கு கிக்ஸ்டார்ட்டரில் 14 லட்சம் டாலர் கேட்டது; போதிய ஆதரவு வராமல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2015-இல் 'டைட்டன்ஸ்' என்று தனி கேமாகவே ஒரு விரிவாக்கம் வந்தது. கிக்ஸ்டார்ட்டர்காரர்களுக்கு அது இலவசம் என்றாலும், மற்றவர்களில் பலர் "முதலில் வாங்கியதை முடித்துக் கொடுங்கள்" என்றுதான் கேட்டார்கள்.

இதைவிட அதிகமாகக் கேட்டவர்களும் உண்டு. இங்கிலாந்தின் ஃப்ரன்டியர் டெவலப்மென்ட்ஸ் 'எலீட்: டேஞ்சரஸ்' ஆல்ஃபாவுக்கு 200 பவுண்டு வைத்தது. அதற்கடுத்த பிரீமியம் பீட்டா 100, சாதாரண பீட்டா 50. படிப்படியாக ஆட்களை உள்ளே விட்டதால் ஒவ்வொரு கட்டத்திலும் சர்வர் பளுவைக் கணித்துப் பார்க்க முடிந்தது. வேலி என்ற வகையில் ஊபரைவிட இவர்கள் நன்றாகவே செய்தார்கள்.

ஆனால் அங்கேதான் இந்த விஷயத்தில் நான் பார்த்த மிக மோசமான திருப்பமும் நடந்தது. இணையம் இல்லாமல் தனியாக விளையாடும் வசதி இருக்கும் என்று கிக்ஸ்டார்ட்டர் காலத்திலேயே சொல்லியிருந்தார்கள். 2014 நவம்பரில், வெளியீட்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அந்த வசதி வராது என்று அறிவித்தார்கள். காசைத் திருப்பிக் கொடுங்கள் என்று பலர் கேட்டார்கள். முன்பதிவு மட்டும் செய்து, இன்னும் விளையாடாதவர்களுக்குத் தருகிறோம் என்றார்கள். ஆல்ஃபாவிலோ பீட்டாவிலோ ஏற்கெனவே விளையாடியவர்களுக்குக் கிடையாது. எல்லோரையும்விட அதிகம் கொடுத்து, குறைகளைச் சொல்லி உதவியவர்தான் "நீங்கள்தான் பயன்படுத்திவிட்டீர்களே" என்ற பதிலை வாங்கிக்கொண்டு நின்றார். எதிர்ப்பு வந்த பிறகு தனித்தனியாகப் பரிசீலிக்கிறோம் என்று இறங்கி வந்தார்கள். உங்கள் கேள்விக்கு நேரான பதில் ஒன்று வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்: கூடுதல் விலை கொடுத்ததால் கூடுதல் உரிமை எதுவும் வந்துவிடாது. இங்கே இருந்ததும் குறைந்தது.

இப்போது எதிர்ப்பக்கம். 'மைன்கிராஃப்ட்' 2009-லிருந்தே முடியாத நிலையில் விற்றது. ஆல்ஃபாவில் கிட்டத்தட்ட 10 யூரோ, 2010 டிசம்பரில் பீட்டா ஆனதும் 15, 2011 நவம்பரில் முழு வெளியீட்டின்போது 20. முன்னால் வந்தவருக்கு மலிவு, பின்னால் வந்தவருக்கு விலை கூடுதல். 'ஃபேக்டோரியோ'வும் அதே பாதைதான்: 2018-இல் 20 டாலரிலிருந்து 30 ஆக்கினார்கள், தள்ளுபடியே கிடையாது என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள், 2020 ஆகஸ்டில்தான் 1.0, அதாவது முழுப் பதிப்பு, வந்தது.

ஆக, நான் முதலில் பார்ப்பது விலை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை. ஏறிக்கொண்டே போனால், விற்பவருக்கு இன்று ஆட்களும் வேண்டும், அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பணமும் வேண்டும். முன்கூட்டி வந்து ரிஸ்க் எடுப்பவருக்கு அதற்கான கூலியை விலைக் குறைப்பாகக் கொடுக்கிறார். இறங்கிக்கொண்டே போனால், இப்போதைக்கு ஆட்கள் அதிகம் வேண்டாம், அல்லது ஏற்கெனவே பணம் போட்டவர்களுக்கு அவர் ஒரு வாக்கு கொடுத்திருக்கிறார். இரண்டும் நேர்மையாக இருக்கலாம். வாங்குபவர் கணக்குப்படி முதலாவதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. ரிஸ்க்கும் என்னுடையது, கூடுதல் விலையும் என்னுடையது என்றால், அந்த வியாபாரத்தில் எனக்கு மிஞ்சுவது "நான் முதலில் பார்த்தேன்" என்ற சந்தோஷம் மட்டும்தான். சிலருக்கு அதுவே போதும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வகை, விலையே மாறாதது. 'பால்டர்ஸ் கேட் 3' 2020 அக்டோபரில் ஏர்லி ஆக்சஸுக்கு வந்தபோதே முழு விலை, 60 டாலர். கிடைத்தது முதல் பாகம் மட்டும். பெரிய அப்டேட் வரும்போது பழைய சேவ் ஃபைல் (அதுவரை விளையாடியதைச் சேமித்த கோப்பு) வேலை செய்யாமல் போகலாம் என்று முன்பே எச்சரித்தார்கள். அப்படியே ஆகவும் செய்தது. கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்து 2023 ஆகஸ்டில் முழு கேம் வந்தது. முன்னால் வாங்கியவர்களுக்கு டீலக்ஸ் பதிப்பின் கூடுதல் பொருட்களைச் சும்மா கொடுத்தார்கள். இது நன்றாக முடிந்த கதை. ஆனால் அதைச் செய்த லேரியன் ஸ்டுடியோ அதற்கு முன் இரண்டு பெரிய ரோல் பிளேயிங் கேம்களை இதே ஏர்லி ஆக்சஸ் வழியாகக் கொண்டுவந்து முடித்துக் காட்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லோரும் லேரியன் இல்லை.

"உங்கள் கருத்துதான் இந்த கேமை வடிவமைக்கப்போகிறது" என்று ஒரு வரி எல்லா ஏர்லி ஆக்சஸ் பக்கத்திலும் இருக்கும். சாஃப்ட்வேர் டெஸ்டிங் பக்கம் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். "கேம் ஓடல", "லேக் அடிக்குது" என்று வருகிற ரிப்போர்ட்டால் ஒரு டெவலப்பருக்குப் பயன் குறைவு. எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு, எந்த இடத்தில், என்ன செய்தபோது, மறுபடி அதே போல் செய்தால் திரும்ப வருகிறதா? இதையெல்லாம் எழுதி அனுப்புகிறவர்கள் மிகக் குறைவு. பக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கே இது சலிப்பான வேலை. விளையாட வந்தவர் அதைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதே கொஞ்சம் அதிகம். டெவலப்பருக்கு உண்மையில் கிடைக்கும் பெரிய பலன் வேறு: ஆயிரக்கணக்கான விதவிதமான கம்ப்யூட்டர்களில் கேம் எங்கே விழுகிறது என்று தானாக வந்து சேரும் தகவல், எந்த இடத்தில் எல்லோரும் விளையாட்டை மூடிவிட்டுப் போகிறார்கள் என்ற கணக்கு. அதற்கு உங்கள் கருத்து தேவையில்லை. நீங்கள் விளையாடினாலே போதும். 'ஹேடீஸ்' மாதிரி சில கேம்களில் விளையாடியவர்கள் சொன்னதைக் கேட்டு நிறைய மாற்றினார்கள் என்பது உண்மை. ஆனால் 90 டாலர் கொடுத்தவர் குரலுக்கும் 20 டாலர் கொடுத்தவர் குரலுக்கும் அங்கே வித்தியாசம் கிடையாது.

அப்புறம், யாரும் விலைப்பட்டியலில் எழுதாத ஒரு செலவு இருக்கிறது. ஒரு கேமை முதல் முறை விளையாடும் அனுபவம் ஒரே ஒரு தடவைதான். கதை உள்ள கேமின் முதல் பத்து மணி நேரத்தை அரைகுறை நிலையில் மூன்று தடவை விளையாடிவிட்டால், முழு கேம் வரும்போது அந்தப் பகுதி உங்களுக்குச் செத்துப்போயிருக்கும். எனக்குத் தெரிந்து பலர் 'பால்டர்ஸ் கேட் 3' முதல் பாகத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, இரண்டாம் பாகத்துக்குப் போக வேண்டுமே என்று அலுத்துக்கொண்டே ஆரம்பித்தார்கள். தொழிற்சாலை கட்டுவது, பண்ணை போடுவது, காட்டில் உயிர் பிழைப்பது போன்ற கேம்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. அவை ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் ஆரம்பிக்கும். டேட்டா செலவையும் கணக்கில் எடுங்கள். முடியாத கேம் என்றால் அடிக்கடி பெரிய பெரிய அப்டேட். மாதாந்திர வரம்பு உள்ள இணைப்பு வைத்திருப்பவருக்கு அது சும்மா வருவதில்லை.

சரி, உண்மையிலேயே ஏமாற்றம் எங்கே நடக்கிறது? 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2' 2023 பிப்ரவரியில் 50 டாலருக்கு ஏர்லி ஆக்சஸாக வந்தது. முதல் கேம் 2011-லிருந்தே மலிவாக விற்று, ஏறிய விலையோடு ஒழுங்காக முடிந்த கேம். இரண்டாவதின் பின்னால் டேக்-டூ என்ற பெரிய நிறுவனம் இருந்தது. காலனிகள், வேறு நட்சத்திர மண்டலங்கள், பல பேர் சேர்ந்து விளையாடுவது என்று இனி என்னென்ன வரும் எனக் காட்டும் ஒரு ரோட்மேப் படம் போட்டார்கள். அதில் அறிவியல் ஆய்வுப் பகுதி மட்டும் அந்த வருட டிசம்பரில் வந்தது. 2024-இல் ஸ்டுடியோவைக் கலைத்தார்கள். மற்றது எதுவும் வரவில்லை. 50 டாலர் என்பது முடிந்த ஒரு பெரிய கேமின் விலையைவிட அதிகம் அல்ல. ஆனால் கொடுத்த காசுக்குக் கிடைத்தது அந்த அரைகுறைதான்.

'தி டே பிஃபோர்' இன்னும் வேகம். 2023 டிசம்பர் 7-ஆம் தேதி ஏர்லி ஆக்சஸ், 40 டாலர். நான்கு நாளில் ஸ்டுடியோவை மூடுகிறோம் என்று அறிவிப்பு. வாங்கியவர்களுக்குக் காசு திரும்பக் கிடைத்தது, அந்த அளவில் நல்லது. டபுள் ஃபைன் என்ற மதிப்புள்ள ஸ்டுடியோவே 'ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9' கேமை 2013-இல் ஆரம்பித்து, விற்பனை செலவுக்குக் கட்டுப்படியாகாததால் அடுத்த வருடமே "இதுதான் 1.0" என்று முடித்துவிட்டது. போட்ட திட்டத்தில் பெரும் பகுதி அப்படியே காகிதத்தில் நின்றது.

இந்த இடத்தில் ஸ்டீமின் ரீஃபண்ட் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் காசு திரும்பக் கிடைக்கும். ஏர்லி ஆக்சஸுக்கும் இதே கணக்குதான். கேம் முடிய மூன்று வருடம் ஆகும், உங்களுக்கு உள்ள அவகாசம் பதினான்கு நாள். கேமின் ஸ்டீம் பக்கத்திலேயே நீலப் பெட்டியில், இந்த கேம் இதற்கு மேல் மாறலாம், மாறாமலும் போகலாம், இப்போதுள்ள நிலையில் விளையாடப் பிடிக்கவில்லை என்றால் காத்திருங்கள் என்ற பொருளில் எழுதியிருப்பார்கள். அதை யாரும் படிப்பதில்லை. 2025-லிருந்து, ஒரு வருடத்துக்கு மேல் அப்டேட் வராத ஏர்லி ஆக்சஸ் கேம்களின் பக்கத்தில் அதையும் சொல்லிவிடுகிறார்கள். தாமதமாக வந்தாலும் நல்ல மாற்றம்.

இன்றைக்குக் கூடுதல் காசு என்றால் பெரும்பாலும் இன்னொரு சரக்கு. கேம் முடிந்துவிட்டது, அல்லது முடிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். 70 டாலர் கொடுத்தால் ஒரு தேதி, 100 டாலர் கொடுத்தால் சில நாள் முன்னால். 'ஸ்டார்ஃபீல்ட்' 2023-இல் ஐந்து நாள், 'டயாப்லோ 4' நான்கு நாள். 'சிவிலைசேஷன் 7' 2025 பிப்ரவரியில் ஐந்து நாள். இதில் வேலி இல்லை, கிக்ஸ்டார்ட்டர் வாக்கு இல்லை. கேமைத் தயாராக வைத்துக்கொண்டு, 70 டாலர்காரரை ஐந்து நாள் வாசலில் நிற்க வைக்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் ஏமாற்று என்று சொன்ன சொல் இதற்குத்தான் நெருங்கி வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஐந்து நாளில் கிடைப்பதும் பல நேரம் முடியாத கேம்தான். 'சிவிலைசேஷன் 7'ஐ முன்னால் விளையாடியவர்கள் மெனுவும் தகவல் காட்டும் விதமும் அரைகுறையாக இருக்கிறது என்று ஸ்டீமில் எழுதித் தள்ளினார்கள்; வெளியீட்டு நாளுக்கு முன்பே ரிவ்யூ கணக்கு சரிந்தது. 'ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ்' 2024-இல் மூன்று நாள் முன்னால் திறந்தபோது, பிளேஸ்டேஷன் 5-இல் சிலருக்குத் தவறான பதிப்பு போய், அப்டேட் செய்த பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. அதிகம் கொடுத்தவர்தான் திரும்ப முதலிலிருந்து விளையாடினார். அடுத்து வந்த 'அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்' கேமுக்கு இந்த முன்கூட்டிய நாட்களையே, இரண்டையும் வெளியிட்ட யுபிசாஃப்ட் நிறுவனம் கைவிட்டது. முன்பெல்லாம் இந்த நாட்களில் விளையாடிய நேரம் ஸ்டீமின் இரண்டு மணி நேரக் கணக்கில் சேராது. பல மணி நேரம் விளையாடிவிட்டும் ரீஃபண்ட் வாங்க முடிந்தது. 2024 ஏப்ரலில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

இலவசமாக வரப்போகிற கேமுக்கு இப்போது காசு வாங்குவதும் நடக்கிறது. 'பாத் ஆஃப் எக்ஸைல் 2' 2024 டிசம்பரில் 30 டாலர் நுழைவோடு ஆரம்பித்தது. கேட்டவுடன் எரிச்சல் வரும். ஆனால் கொடுத்த தொகைக்கு ஈடாக உள்ளே செலவழிக்கப் பாயின்ட் கொடுத்துவிட்டார்கள். முதல் நாளிலேயே லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழைந்து வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் சும்மா திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'பிளானட்டரி அனிஹிலேஷன்' செய்ய நினைத்ததை இவர்கள் கொஞ்சம் புத்திசாலித்தனமாகச் செய்தார்கள் என்பேன்.

நீங்கள் வாங்கலாமா என்று கேட்டால், ரோட்மேப் படத்தை மூடிவிட்டு, ஒவ்வொரு அப்டேட்டிலும் என்ன மாறியது என்று சொல்லும் பேட்ச் நோட்ஸைப் பாருங்கள். கடைசி ஆறு மாதத்தில் எத்தனை அப்டேட் வந்திருக்கிறது, அதில் உண்மையான வேலை எவ்வளவு, தலைக்கு மாட்டும் தொப்பி மாதிரி வெறும் அலங்காரம் எவ்வளவு? அந்த ஸ்டுடியோ இதற்கு முன் எதையாவது முடித்திருக்கிறதா? பிறகு, நாளைக்கே அவர்கள் கடையை மூடினாலும் இன்று இருக்கும் அளவுக்கு இந்த விலை சரியா? சரி என்றால் வாங்குங்கள், 90 டாலராக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஐந்து நாள் முன்னால் விளையாட 30 டாலர் கூடுதலாகக் கேட்கும் வகையை மட்டும் விட்டுவிடுங்கள். ஆறு மாதம் பொறுத்தால் அதே கேம் நாலைந்து பேட்ச் போட்டு ஒழுங்கான பிறகு, பெரும்பாலும் தள்ளுபடியிலும் கிடைக்கும்.